சாம்பல் சட்டைக்காரி

கடைக்குள் நுழைந்ததும் நேராகச் சிறகுகள் தொங்கும் சுவரிடம் போகிறாள். மயில்நீலத்தில் ஒன்று, தீயை வாரி இறைத்தாற்போல் ஒன்று, அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் வெள்ளிப்பொடி உதிர்க்கும் ஒன்று. ஒவ்வொன்றாக எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று இடது பக்கம் ஒரு சுற்று, வலது பக்கம் ஒரு சுற்று. அப்புறம் கிரீடங்கள். புதிதாக வந்திருக்கும் வெள்ளைக் குதிரைமேல் ஏறி உட்கார்ந்து, அது கனைப்பதைக் கேட்டுவிட்டு இறங்குகிறாள். ஆசை தீரப் போட்டுப் பார்த்தபின் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கழற்றி வைத்துவிட்டு, தன் பழைய சாம்பல்நிறச் சட்டையோடு, கடைக்காரக் கிழவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வெளியே வருகிறாள்.

“போட்டுப் பாக்கறதுக்குக் காசு கேக்கலைல்ல, அப்புறமென்ன?” என்பது அவள் கட்சி.

தினமும் சாயங்காலம் தவறாமல் நடக்கும் கூத்து இது. கடை இருப்பது அவள் வீட்டு டிவிக்குள். ‘ஏழு கோட்டை’ என்ற வீடியோ கேமின் ஊர்ச் சதுக்கத்தில், கண்ணைப் பறிக்கும் விளக்குகளோடு அது நிற்கிறது. அந்த ஊரில் எல்லாமே பொய், மலை பொய், மழை பொய், குதிரை பொய். கடையில் கொடுக்க வேண்டிய பணம் மட்டும் நிஜம். விளையாட்டை வாங்கிய நாளிலிருந்து அந்தக் கடையில் அவள் பொட்டுக் காசு செலவழித்ததில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இலவசமாகத் தருகிற சாம்பல் சட்டையை மற்றவர்கள் முதல் வாரத்திலேயே கழற்றி மூலையில் போட்டுவிடுவார்கள். அவள் வருஷக்கணக்காக அதை மாட்டிக்கொண்டே சண்டை போடுகிறாள்.

நிஜ உலகில் அவள் லிஃப்ட் மெக்கானிக். ஊரின் பழைய அடுக்குமாடிகளில் பாதிக்கு மேல் அவள் கைபட்டுத்தான் ஏறி இறங்குகின்றன. வாட்ச்மேனிலிருந்து வீட்டுச் சொந்தக்காரர்வரை எல்லாருக்கும் அவள் லிஃப்ட்டக்கா. விளையாட்டிலும் அதையே பெயராக வைத்துக்கொண்டாள். முகம் தெரியாத தூரதேசத்து ஆட்கள்கூட அவளிடம் உதைபட்டு விழும்போது, “யாருய்யா இந்த லிஃப்ட்டக்கா?” என்று கேட்டுக்கொண்டுதான் விழுவார்கள்.

எந்த லிஃப்டில் ஏறினாலும் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். டாக்டர் நாடி பார்ப்பது போல இருக்கும். “இதுக்கு மூச்சு இழுக்குது, ரொம்ப நாள் தாங்காது,” என்று அவள் சத்தமாகச் சொல்வதைக் கேட்டுப் பக்கத்தில் நிற்கிறவர் அடுத்த மாடியிலேயே இறங்கி நடந்துபோன சம்பவங்கள் உண்டு. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனால், லிஃப்டில் மேலும் கீழுமாகப் போய்வந்த பிறகுதான் அழைப்பு மணியை அழுத்துவாள். அதுவரை அவள் கணவர் பரிசுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பார். மருந்துக்கடை வைத்திருக்கும் மனிதர். காத்திருக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கே காத்திருக்கப் பழகிவிட்டது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சர்க்கரையும் சோப்புத்தூளும் கலந்து கையைத் தேய்ப்பாள். நகக்கண்ணில் கிரீஸ் துளி இருந்தாலும் கன்ட்ரோலரைத் தொடமாட்டாள். துடைத்து, உலர்த்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு சோபாவின் நுனியில் உட்காருவாள். சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ‘ஏழு கோட்டை’ அப்படிச் சாய்ந்துகொண்டு ஆடுகிற விளையாட்டும் இல்லை. பெரிய கம்பெனி ஒன்று சினிமாவுக்குக் கொட்டுவதைவிட அதிகமாகப் பணத்தைக் கொட்டி எடுத்தது. மழை பெய்தால் குதிரையின் பிடரிமயிர் நனைந்து கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். மூன்று பேர் ஒரு அணி. ஒரு அணி கோட்டையைக் காக்க வேண்டும், இன்னொரு அணி பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அந்த அவ்வளவுதானுக்குள் நெஞ்சு வாய்க்கு வந்துவிடும்.

கடையை அவள் ஒதுக்கியதற்குக் கஞ்சத்தனம் காரணமில்லை. கேட்டால் கொதித்துப்போய்ச் சொல்வாள்: “லிஃப்ட்ல ஏற ஒருத்தன்கிட்ட முழுக்காசு வாங்கிட்டேன். மூணாவது மாடியில நிறுத்தி, இதுக்கு மேல போகணும்னா இன்னும் கொஞ்சம் எடுன்னு கேட்டா, அவன் என்னை அங்கேயே வச்சு மொத்த மாட்டானா?” விளையாட்டை முழு விலை கொடுத்து வாங்கியாயிற்று. அப்புறம் அதற்குள் எதற்கு இன்னொரு கல்லாப்பெட்டி? இதுதான் அவள் வாதம். இதைக் கேட்காத ஆள் அந்த விளையாட்டில் குறைவு.

அவள் அணியில் இருக்கும் மற்ற இருவரும் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள். ஒருவர் பேக்கரிக்காரர். விடியுமுன்பே எழுந்து மாவு பிசைகிறவர், ஆகவே சாயங்காலத்தில்தான் அவருக்கு ஓய்வு. அவருக்குக் கடையில் விற்கும் மாயப் பெட்டிமேல் மோகம். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் வாங்க வேண்டிய பெட்டி அது. திறக்கும்போது பொன்னிறப் புகை கிளம்பும், முரசு கொட்டும், மனிதருக்கு மூச்சு நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து வருவது ஒரே பச்சைத் தொப்பி. “அடுத்த பெட்டியில டிராகன் இருக்குன்னு என் உள்மனசு சொல்லுது,” என்பார். அவர் உள்மனசும் அந்தக் கம்பெனியும் கூட்டாளிகள் என்று லிஃப்ட்டக்கா சொல்லிக்காட்டுவாள்.

இன்னொருத்தி அவள் நாத்தனார், கணவரின் தங்கை. கண் ஆஸ்பத்திரியில் பார்வை பரிசோதிக்கும் வேலை. தனி வீடு, சொந்தச் சம்பளம், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத வாழ்க்கை. கடையில் புதுச் சிறகு வந்தால் முதல் ஆளாக வாங்கிவிடுவாள். அந்தச் சிறகுகள் பறக்கா. அடி விழுந்தால் தடுக்கவும் தடுக்கா. வெறும் அழகு. ஆனால் அவள் அதை மாட்டிக்கொண்டு கோட்டைச் சுவர்மேல் நடந்தால் எதிரணிக்காரன்கூட வில்லைத் தாழ்த்திவிட்டு வேடிக்கை பார்ப்பான். எந்தச் சிறகோடு எந்தக் கவசம் பொருந்தும் என்று அவள் சொல்வதைக் கேட்கவே பெரிய கூட்டம் அவள் பின்னால் இருந்தது. வாள்வீச்சிலும் அவள் சளைத்தவள் இல்லை.

அண்ணியும் நாத்தனாரும் கல்பாலத்தில் நின்றால் அந்தக் கோட்டையை யாரும் அசைக்க முடியாது என்று பெயர். பாலத்தின் வாயில் கேடயத்தோடு லிஃப்ட்டக்கா. பின்னால் மேடையில் வில்லோடு பேக்கரிக்காரர். எதிரி கேடயத்தில் மோதித் தடுமாறுகிற அந்த நொடிக்காகப் பக்கவாட்டில் காத்திருக்கும் நாத்தனார். “இப்போ,” என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் வாள் இறங்கியிருக்கும். இந்த ‘இப்போ’வைப் பழக்கிக்கொள்ள அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஒருநாள் வாய்த்துடுக்கு வினையாயிற்று. ஆட்டம் முடிந்து, தோற்ற அணியும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் பேசிக்கொண்டிருந்த நேரம். யாரோ நாத்தனாரின் புதுச் சிறகைப் புகழ்ந்தார்கள். லிஃப்ட்டக்காவுக்கு நாக்கு நிற்கவில்லை. சம்பளத்தைச் சிறகாக மாற்றுகிற நடமாடும் நகைக்கடை என்றாள். இந்த மாதிரி ஏமாளிகள் இருக்கிறவரை அந்தக் கம்பெனிக்குக் கொண்டாட்டம்தான் என்றும் சேர்த்துச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் நாத்தனாரின் பெயருக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு அணைந்தது.

அதன் பிறகு அவள் விளையாட வரவில்லை. அண்ணன் வீட்டுக்கும் வரவில்லை. தங்கை ஏன் வருவதில்லை என்று கணவர் கேட்டபோது லிஃப்ட்டக்கா, அவளுக்கு வேலை அதிகம் என்றாள். “எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னா. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?” என்றார் அவர்.

அந்தச் சமயத்தில்தான் கடைக்கு இரும்புநெஞ்சு வந்தது.

பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை, கறுப்பாக ஒரு மார்புக்கவசம். ஆனால் அதை அணிந்தவன்மேல் விழுகிற அடி பாதியாகக் குறைந்துவிடும். இதுவரை கடையில் விற்றதெல்லாம் அலங்காரம். முதன்முறையாகப் பலத்தையே தட்டில் வைத்து விற்றார்கள். விளையாடி ஜெயித்து அதைப் பெற வழி கிடையாது. காசு கொடுத்தால் கிடைக்கும், கொடுக்காவிட்டால் இல்லை.

வேறொருவரை மூன்றாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டு லிஃப்ட்டக்கா கல்பாலத்தில் நின்றாள். எதிரே வந்தவர்கள் கற்றுக்குட்டிகள். வாளைப் பிடிக்கத் தெரியவில்லை, சேர்ந்து நிற்கத் தெரியவில்லை, ஒருவன் பாலத்துக்குப் பதிலாக ஆற்றுக்குள்ளேயே நடந்தான். மூவர் நெஞ்சிலும் கறுப்பு இரும்பு. அவள் சரியான கோணத்தில் வெட்டினாள், உதைத்தாள், கேடயத்தால் முகத்திலேயே இடித்தாள். பேக்கரிக்காரரின் அம்புகள் அவர்கள் நெஞ்சில் முள்ளம்பன்றி முள் போல நின்றன. அவர்கள் பாட்டுக்கு நடந்து வந்துகொண்டே இருந்தார்கள். கோட்டை போயிற்று. அவள் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தோக்கறது எனக்குப் புதுசா என்ன?” என்றாள் பேக்கரிக்காரரிடம். “ஆனா இப்ப எங்கிட்ட ஜெயிச்சது யாரு? அவங்க இல்லையே.”

அன்றைக்கே ஆட்டக்காரர்கள் கூடிப் பேசும் இணையப் பலகையில் பொங்கி எழுதினாள். யாரும் இனி அந்தக் கடையில் எதையும் வாங்கக் கூடாது, வாங்குகிற ஏமாளிகளால்தான் இந்த நிலைமை என்று நெருப்பாய்க் கக்கியிருந்தாள். நாலு பேர் ஆமோதித்தார்கள். ஐந்தாவதாக ஒருவர் எழுதினார்: “நீங்கதான் எப்பவுமே வாங்கினதில்லையே அக்கா. நீங்க வாங்காம விட்டா யாருக்கு நஷ்டம்?”

அவள் அந்த ஆளைத் திட்டிப் பதில் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். சாப்பிட உட்கார்ந்தபோது கணவரிடம் நியாயம் கேட்டாள். அவர் தட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: “என் கடைப் பக்கமே எட்டிப் பாக்காத ஆளு, இனிமே வரமாட்டேன்னு வாசல்ல நின்னு சத்தம் போட்டா, நான் டீ குடிச்சிக்கிட்டே கேப்பேன். தினமும் வர்றவங்க வரலைன்னாத்தான் டீயை வச்சிட்டு எந்திரிப்பேன்.”

யாரைச் சொல்கிறார் என்று அவள் கேட்கவில்லை. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மறுநாள் மதியம் கருவிப்பையோடேயே கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நாத்தனார் பரிசோதனை அறையில் தனியாக இருந்தாள். இருட்டு அறை. சுவரில் எழுத்துப்பலகை மட்டும் வெளிச்சமாக எரிந்தது. உட்கார வேறு இடமில்லாததால் நோயாளிகளின் நாற்காலியில் லிஃப்ட்டக்கா உட்கார்ந்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல் பலகையில் இருந்த எழுத்துகளை மேலிருந்து படிக்கத் தொடங்கினாள். கடைசி வரியில் திணறினாள்.

“கண்ணாடி போடணும் அண்ணி,” என்றாள் நாத்தனார்.

“நான் அன்னிக்குப் பேசினது தப்பு.”

“எது?”

“எல்லாம்தான்.”

“மொத்தமா சொன்னா எப்படி? ஒண்ணொண்ணா சொல்லுங்க.”

லிஃப்ட்டக்கா ஒன்றொன்றாகச் சொன்னாள். நகைக்கடை என்றது தப்பு. சம்பளத்தைப் பற்றிப் பேசியது தப்பு. ஏமாளி என்றது ரொம்பத் தப்பு. அதையும் ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால் சொன்னது எல்லாவற்றையும்விடத் தப்பு. கடைசியாக ஏதாவது விட்டுப்போயிற்றா என்றும் கேட்டாள். நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

“நாள் முழுக்க இந்த இருட்டு ரூம்ல வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கறேன். சாயங்காலம் கொஞ்ச நேரம் எனக்குச் சிறகு வேணும் அண்ணி. அது பறக்குதா இல்லையாங்கறது உங்க கவலை இல்லை.”

“இல்லைதான்.”

“ஆனா அந்த இரும்புநெஞ்சு வேற. நான் அழகா இருக்கத்தான் காசு கொடுக்கறேன், ஜெயிக்க இல்லை. ஜெயிக்கறதையும் கடையில வாங்கிட்டா அப்புறம் நான் எதுக்கு வாளைத் தூக்கணும்?”

லிஃப்ட்டக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். அவள் கண்ணில் விளையாட்டின்போது வருகிற அந்த வெளிச்சம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரும் கடை வாசலில் கூட வேண்டும், சாம்பல் சட்டையோடு, உள்ளே ஒருவரும் போகாமல். அவள் மூச்சுவிடாமல் விவரிக்க, நாத்தனார் தன் செல்போனை எடுத்து இணையப் பலகையில் அண்ணி எழுதியதைப் படித்தாள். படிக்கப் படிக்க முகம் சுளித்தாள். சேர்வதற்கு ஒரே நிபந்தனை போட்டாள். வாங்குகிறவர்களைத் திட்டும் ஒரு வார்த்தைகூட இதில் இருக்கக் கூடாது. அந்த இடத்திலேயே அண்ணியின் நெருப்பையெல்லாம் அணைத்துவிட்டு இரண்டே வாக்கியம் எழுதினாள்.

‘சட்டை வாங்குவோம். வெற்றியை வாங்கமாட்டோம்.’

லிஃப்ட்டக்கா அதை வாய்விட்டுப் படித்தாள். தன்னுடையது நீளமாக இருந்தாலும் இன்னும் காரமாக இருந்ததே என்று முணுமுணுத்தாள். பிறகு ஒத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மருந்துக்கடையை அன்று சீக்கிரம் சாத்திவிட்டு வந்த கணவர், வாழ்க்கையில் முதன்முறையாக டிவி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாத்தனார் தன் வீட்டிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தாள். திரையில் சதுக்கம் வெறிச்சென்று கிடந்தது. கடை வாசலில் லிஃப்ட்டக்காவின் சாம்பல் சட்டை மட்டும் ஒற்றையாய் நின்றது. கல்யாண மண்டபத்துக்கு முந்தின நாளே வந்துவிட்டவள் போல இருக்கிறாள் என்று கணவர் சொன்னார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

பேக்கரிக்காரர் ஓடிவந்தார். தலையில் பச்சைத் தொப்பி. வந்தவர் அதைக் கழற்றினார். ஒன்றைக் கழற்றினால் என்ன, இதே தொப்பி தன்னிடம் இன்னும் நிறைய இருக்கிறது என்று விளக்கமும் கொடுத்தார். அப்புறம் சாம்பல் சட்டைகள் ஒன்றும் இரண்டுமாக வந்தன. எல்லாம் அவளைப் போலக் கடையில் பொட்டுக் காசு செலவழிக்காதவர்கள். பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். கடையின் விளக்குகள் அவர்களைப் பார்த்துக் கண்ணடிப்பது போல மினுக்கின. சிலர் இவர்களைத் தாண்டி உள்ளே போய் வாங்கிக்கொண்டும் வந்தார்கள். லிஃப்ட்டக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வடக்குத் தெருவில் வெளிச்சம் தெரிந்தது.

நாத்தனார் வந்தாள், இருப்பதிலேயே பெரிய சிறகோடு. வெள்ளிப்பொடி உதிர உதிரத் தெருவின் நடுவில் நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் தெரு நிறைய சிறகுகள், நீலமும் சிவப்பும் பொன்னுமாக, வானவில்லைப் பிய்த்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தது போல. கிரீடங்கள், வெள்ளைக் குதிரைகள், நெருப்புக் கக்கும் நாய்க்குட்டிகள். அந்தக் கடையை வாழவைக்கிற அத்தனை பேரும் வந்துகொண்டிருந்தார்கள். கடை வாசலுக்கு வந்ததும் நாத்தனார் நின்றாள். சிறகைக் கழற்றினாள், அடியில் அதே சாம்பல் சட்டை.

சிறகு கழலும்போது ஒரு சத்தம் வந்தது, நீளமான துணியை ஒரே வீச்சில் உதறினாற்போல. அந்தச் சத்தத்தை லிஃப்ட்டக்கா அதுவரை கேட்டதே இல்லை. கடையில் போட்டுப் பார்த்துக் கழற்றுகிறவர்களுக்கு அது கேட்காது. சொந்தமாக வாங்கியவர்கள் கழற்றினால்தான் கேட்கும். அடுத்து இன்னொரு சத்தம். அடுத்து நான்கு. அப்புறம் மழை இறங்கினாற்போலச் சடசடவென்று தெரு முழுக்க. கண்மூடித் திறப்பதற்குள் வண்ணமெல்லாம் வடிந்து, கண்ணுக்கெட்டிய வரை சாம்பல்.

“ஐயையோ,” என்றார் கணவர். சந்தோஷத்தில் சொன்னாரா பயத்தில் சொன்னாரா என்று அவருக்கே தெரியாது.

கூட்டம் தாங்காமல் திரை திக்கியது. சதுக்கம் கொள்ளாமல், பின்னால் வந்தவர்களுக்காக விளையாட்டு தானாகவே இன்னொரு சதுக்கத்தைத் திறந்தது. அதுவும் நிரம்பிவிட்டதாகப் பேக்கரிக்காரர் எங்கிருந்தோ கத்தினார். கூட்டத்தின் ஓரத்தில் இரும்புநெஞ்சு அணிந்த ஒருவன் வந்து நின்றான். நாலைந்து பேர் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். காசு கொடுத்துத்தானே வாங்கினேன், இப்போது என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று அவன் எகிறினான். பழைய லிஃப்ட்டக்காவாக இருந்தால் அவனுக்கு அங்கேயே பாடம் எடுத்திருப்பாள். இப்போதும் வாய் திறந்துவிட்டது. ஆனால் வெளியே வந்தது வேறு.

“உன்னைத் திட்ட வரலைப்பா. வந்துட்டே, சும்மா எங்க கூட நில்லு.”

அவன் கொஞ்ச நேரம் கவசத்தோடேயே நின்றான். சுற்றிலும் பார்த்தான். பிறகு அவன் நெஞ்சிலிருந்த கறுப்பும் மறைந்தது. இப்போது அவன் எங்கே நிற்கிறான் என்று தேடினால் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கூட்டத்தில் லிஃப்ட்டக்காவுக்கே தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் ஊரில் அவள் ஒருத்தியை மட்டும் தனியாகக் காட்டிக்கொடுத்த சட்டை அது.

அன்றோடு முடியவில்லை. அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்து வருகிறவர்கள் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். கடைக்காரக் கிழவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். முதலில் கம்பெனி மௌனம் சாதித்தது. அப்புறம் இரும்புநெஞ்சைப் பாதி விலைக்குத் தருவதாக ஆசை காட்டியது. வாங்க ஆளில்லை. பேக்கரிக்காரர்தான் ரொம்பச் சிரமப்பட்டார். மாயப் பெட்டி வாங்காமல் கை நடுங்குகிறது என்றார். கை நடுங்கினால் மாவு நன்றாகப் பிசையுமே என்று நாத்தனார் ஆறுதல் சொன்னாள்.

கம்பெனி இறங்கிவந்த செய்தி வந்தபோது லிஃப்ட்டக்கா ஒரு பழைய கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில் இருந்தாள். லிஃப்ட் காலையிலிருந்து கீழே படுத்துக்கொண்டு எழ மறுத்துக்கொண்டிருந்தது. செல்போனில் நாத்தனாரின் குரல் ஓடிவந்தது. இரும்புநெஞ்சைப் போர்க்களத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள், பலத்தை இனி விற்பதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். லிஃப்ட்டக்கா, “வந்துருச்சு!” என்று போட்ட கூச்சல் லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஒவ்வொரு மாடியிலும் எதிரொலித்தது. வீட்டுக்காரர்களெல்லாம் பையும் குடையுமாக வெளியே வந்து லிஃப்ட் வாசலில் வரிசையாக நின்றுவிட்டார்கள். வந்தது லிஃப்ட் இல்லை என்று அவர்களுக்குப் புரியவைக்க வாட்ச்மேன் பட்ட பாடு பெரும்பாடு. சாயங்காலத்துக்குள் அதையும் அவள் எழுப்பி நடக்கவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

கடையில் அலங்காரம் விற்பது நிற்கவில்லை. அந்த வாரமே கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சிறகு ஒன்று புதிதாக வந்தது. நாத்தனார் முதல் ஆளாக வாங்கினாள். கல்பாலத்துக்கு வந்து அண்ணி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். லிஃப்ட்டக்காவின் நாக்கு நுனிவரை என்னவோ வந்தது. விழுங்கிவிட்டு, “இந்தக் கலர் உனக்கு எடுப்பா இருக்கு,” என்றாள். பேக்கரிக்காரர் இருமினார்.

மூவரும் பழையபடி பாலத்தில் நின்றார்கள். எதிரே வந்தது ஒரு புதிய அணி. யாரென்று தெரியாது. கவசமில்லை, சிறகில்லை, ஆளுக்கொரு வாள். முதல் பாய்ச்சலை அக்கா கேடயத்தில் வாங்கினாள். “இப்போ,” என்றாள். நாத்தனாரின் வாள் இறங்கியது. ஆனால் அது இறங்கிய இடத்தில் ஆள் இல்லை. அவன் முன்பே குனிந்து உருண்டிருந்தான். அம்புகளைக் கேடயமின்றி வாளாலேயே தட்டிவிட்டான் இன்னொருவன். சண்டை பாலத்தின் நீளத்துக்கும் முன்னும் பின்னுமாக அலைந்தது. சோபாவின் நுனியிலிருந்து லிஃப்ட்டக்கா எழுந்தே நின்றுவிட்டாள். இருவரைத் தடுக்கிறோமே, மூன்றாமவன் எங்கே என்று அவளுக்கு உறைத்தபோது நேரம் கடந்துவிட்டது. அவன் பாலத்துக்கு அடியில், ஆற்று நீரோட்டத்தை எதிர்த்து மூச்சடக்கி நீந்தி, கல்தூணைப் பற்றி ஏறிக்கொண்டிருந்தான். அந்தப் பாலத்தை அத்தனை வருஷம் காத்தவளுக்கு அந்தத் தூணில் ஏற முடியும் என்பதே தெரியாது. முதலில் பேக்கரிக்காரர் விழுந்தார். அடுத்து நாத்தனார். அக்கா திரும்பினாள். கேடயத்தைத் தூக்குவதற்குள் வாள் வந்துவிட்டது.

கோட்டையின் கொடி இறங்கியது. அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்த கணவர், ஜெயிச்சாச்சா என்று கேட்டார்.

லிஃப்ட்டக்கா இல்லையென்று தலையாட்டினாள். கன்ட்ரோலரைச் சோபாவில் போட்டாள். திரையில் கல்பாலத்தின்மேல் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற அந்த மூன்று பேரையும் பார்த்து, அவர்களுக்குக் கேட்காது என்று தெரிந்தும், இரண்டு கையாலும் பலமாகத் தட்டினாள்.